பச்சையாக யாரும் சாப்பிடுவதில்லை

எங்கள் சொந்தத்தில் கல்யாணம் என்றால் பந்தியில் என் பக்கத்து இலைக்குப் போட்டி நடக்கும். என் மேல் உள்ள பாசத்தால் அல்ல. மரபணு மாற்றிய உணவைப் பற்றிச் சந்தேகம் கேட்க இலவசமாகக் கிடைத்த ஆள் நான் ஒருத்திதான். தக்காளிக்குள் மீனின் மரபணுவை வைக்கிறார்களாமே, சைவக்காரர்கள் என்ன செய்வது என்று ஒரு பெரியப்பா தொடங்குவார். விதையில்லாத திராட்சை, தேங்காய் அளவு கொய்யா, தித்திக்கும் மக்காச்சோளம் என்று மார்க்கெட்டில் புதிதாகக் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் அடுத்தவர் என் தலையில் கட்டுவார். செல்போனில் வந்த படத்தை இலைக்கு மேலே நீட்டுவார்கள். நான் பொறுமைசாலி இல்லை. திராட்சை பல காலமாக உள்ள ரகம், படம் எவனோ வேலையில்லாமல் செய்தது, ரசம் ஆறுகிறது என்று மூன்று பதிலில் முடித்துவிடுவேன். திமிர் பிடித்தவள் என்று பெயர். அந்தப் பெயரை நான் மறுத்ததில்லை.

மும்பையில் செம்பூர்ப் பக்கம் ஓர் உணவுப் பாதுகாப்பு ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். புதிதாக ஒரு மரபணுவைச் செருகிய பயிர் சாப்பாட்டுத் தட்டுக்கு வருவதற்கு முன்னால், சர்வதேச நெறிமுறைப்படி அதை அலசிக் கோப்புத் தயாரிப்பது எங்கள் பிரிவின் வேலை. நல்லதா கெட்டதா என்று நாங்கள் கேட்பதில்லை. எதோடு ஒப்பிட்டு என்று கேட்போம். மரபணு மாற்றிய செடியையும் மாற்றாத அதன் உடன்பிறப்பையும் ஒரே மண்ணில், பல ஊர்களில் வளர்த்து, சத்திலிருந்து நச்சு வரை வரிவரியாக ஒப்பிட வேண்டும். புதிதாக உண்டாகும் புரதம் எங்கிருந்து வந்தது, ஒவ்வாமை தரும் என்று ஏற்கெனவே தெரிந்த புரதங்களோடு அதற்குச் சாயல் உண்டா, இரைப்பை நீரில் கரைகிறதா, சூட்டில் சிதைகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு சோதனையை நம்பி எதையும் சொல்லக் கூடாது. எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் எடைபோட வேண்டும். கடைசியாக ஒரு கேள்வி உண்டு. இதை யார், எவ்வளவு, எப்படிச் செய்து சாப்பிடுகிறார்கள்?

அந்த நெறிமுறையை நான் நம்புகிறேன். இன்றைக்கும். இங்கே சொல்லப்போகும் விஷயத்தில் நெறிமுறை தவறவில்லை. நான் தவறினேன்.

அப்போது எங்களிடம் இருந்தது ஒரு பாசிப்பயறு. சேமித்து வைத்த பயற்றைத் துளைத்து மாவாக்கும் வண்டை எல்லோரும் பார்த்திருப்போம். அந்த வண்டு தின்றால் செரிக்கவிடாமல் தடுக்கும் ஒரு புரதத்தின் மரபணுவை வேறொரு அவரை இனத்திலிருந்து எடுத்து இந்தப் பயற்றில் வைத்திருந்தார்கள். வண்டு பட்டினி கிடந்து சாகும். இதை உருவாக்கியவர் தமிழ்நாட்டில் ஓர் அரசு ஆராய்ச்சி நிலையத்தில் பயிர் விஞ்ஞானி. வாழ்நாளின் பாதியை அந்தப் பயற்றுக்குக் கொடுத்தவர். அந்த வருடம் மே மாதம் ஓய்வு பெற இருந்தார்.

கோப்பு வேலையாக அவர் நாலைந்து முறை மும்பை வந்திருக்கிறார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு காகிதப் பொட்டலத்தில் விதை வைத்திருப்பார். பயறு மூட்டைக்குள் விஷ மாத்திரையைப் போட்டுவைத்து, அதே அறையில் பிள்ளைகளைப் படுக்கவைக்கிற வீடுகளைத் தன் கண்ணால் பார்த்திருப்பதாகச் சொன்னார். அந்த மாத்திரை இல்லாமல் ஒரு மூட்டைப் பயறு ஒரு வருடம் கிடக்க வேண்டும், அவ்வளவுதான் தன் ஆசை என்றார். கிங்ஸ் சர்க்கிளில் காப்பி குடித்துக்கொண்டே இதைச் சொன்னபோது எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது. விண்ணப்பதாரரைப் பிடிக்கக் கூடாது என்று நெறிமுறையில் எழுதவில்லை. ஆனால் பிடித்துவிட்டால் கூடுதல் கறாராக இருக்க வேண்டும் என்பது நானே எனக்குப் போட்டுக்கொண்ட விதி. அதன்படி அவரைக் கேள்வி கேட்டே படுத்தினேன். அவரும் முகம் கோணாமல் பதில் அனுப்பினார்.

அந்தப் புரதத்தில் ஒரே ஒரு சிக்கல் இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை, முதல் பக்கத்திலேயே சொல்லியிருந்தார். பச்சையாக இருக்கும்போது இரைப்பை நீரில் அது லேசில் கரையாது. ஒரு மணி நேரம் ஆனாலும் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருக்கும். கரையாத புரதத்தை நாங்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்போம், ஒவ்வாமை தருபவற்றில் பலவும் அந்த ரகம். ஆனால் வேகவைத்தால் அதன் கதை முடிந்தது. கொதியில் உருக்குலைந்து, இரைப்பை நீரில் விட்ட ஒரு நிமிடத்துக்குள் காணாமல் போகும். முளைகட்டினாலும் இரண்டு நாளில் முளையே அதைத் தின்றுவிடும். மராட்டி வீடுகளில் முளைப்பயற்றைப் பச்சையாகத் தின்பதுண்டு என்பதால் அதையும் தனியாகச் சோதித்து வைத்திருந்தோம்.

ஆக, முடிவு முழுவதும் ஒரே பக்கத்தில் வந்து நின்றது. கோப்பின் நாற்பத்தோராம் பக்கம். முளைகட்டாத பயற்றையோ பருப்பையோ பச்சையாக யாரும் சாப்பிடுவதில்லை என்று அதில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருந்தது நான். அந்த வரி நின்றால் பயறு வயலுக்குப் போகும், விழுந்தால் அவருடைய உழைப்பு மொத்தமும் விழும்.

சும்மா எழுதிவிடவில்லை. கணக்கெடுப்பு நடத்தித்தான் எழுதினேன். தென்னிந்திய வீடுகளின் சாப்பாட்டை அறிய நாலு மாநிலத்துக்கு ஆள் அனுப்ப வேண்டாம், மும்பையிலேயே எல்லோரும் இருக்கிறார்கள் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னவளும் நான்தான். தாராவி, மாட்டுங்கா, திலக் நகர், அம்பர்நாத் வரை வீடுவீடாக ஆட்களை அனுப்பினேன். கன்னட வீடுகளும் தெலுங்கு வீடுகளும் பட்டியலில் இருந்தன, ஆனால் எனக்குத் தெரிந்த வாசல்கள் தமிழ் வாசல்கள். அதனால் அவைதான் நிறையச் சேர்ந்தன. நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து இன்று காலை வரை என்னென்ன சாப்பிட்டீர்கள் என்பது கேள்வி. வருடத்தின் வெவ்வேறு மாதங்களில் கேட்டோம். பாசிப்பருப்பு பொங்கலாக வந்தது, கூட்டாக வந்தது, பாயசமாக வந்தது. பச்சையாக ஒரு வீட்டிலும் வரவில்லை. என் ஜனங்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா என்ற நினைப்போடு கையெழுத்தை அழுத்திப் போட்டேன்.

கோப்பு ஒரு திங்கட்கிழமை தில்லிக்கு, அனுமதி தரும் குழுவிடம் போக வேண்டும். அதற்கு முந்தைய வாரம் ராமநவமி வந்தது. ஒவ்வொரு வருடமும் அன்றைக்கு மாட்டுங்காவில் ஒரு கோயிலுக்குப் போவேன். பக்தி கொஞ்சம், பானகம் நிறைய. மார்ச் வெயிலுக்கும் ஏப்ரல் வெயிலுக்கும் நடுவே அந்த வெல்லத்தண்ணீரும் சுக்கும் தொண்டையில் இறங்குகிற சுகம் எனக்கு வேறெதிலும் கிடைத்ததில்லை. வரிசையில் நின்றேன். ஒரு தம்ளர் பானகத்தோடு ஒரு தொன்னையில் வடைப்பருப்பும் தந்தார்கள். பாசிப்பருப்பை ஊறவைத்து, வடித்து, தேங்காயும் மாங்காயும் துருவிப் போட்டு, மேலாகக் கடுகு தாளித்தது. பெயரில் வடை இருந்தாலும் அது அடுப்பையே பார்க்காத பதார்த்தம். ஒரு பிடி அள்ளி வாயில் போட்டேன். பல்லில் நறுக்கென்றது.

இரண்டாவது பிடியில்தான் எனக்கு உறைத்தது. என் வாய்க்குள் இருப்பது முளைகட்டாத பச்சைப் பருப்பு. மென்றுகொண்டிருந்ததை விழுங்கவும் முடியவில்லை, கோயிலுக்குள் துப்பவும் முடியவில்லை. அது சாதாரணப் பருப்புதான், அதனால் எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் சுற்றிப் பார்த்தேன். வரிசையில் பாதி குழந்தைகள். ஒரு தொன்னை வாங்கி, தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்கிற குழந்தைகள்.

வீட்டுக்குப் போகாமல் நேரே ஆய்வகத்துக்குப் போனேன். விடுமுறை நாள், காவலாளி மட்டும் இருந்தார். படிவக் கட்டுகளை இறக்கினேன். முதல் கட்டில் முதல் படிவம் என்னுடையது. கேள்விகள் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்க என்னையே முதல் ஆளாக வைத்துக் கேட்டு நிரப்பியது. தேதியைப் பார்த்தேன். போன வருட ராமநவமிக்கு மறுநாள். காலை இட்லி, சாம்பார். மதியம் சோறு, வெண்டைக்காய்ப் பொரியல், மோர். நாலு மணிக்கு டீ, இரண்டு பிஸ்கட். இரவு சப்பாத்தி. கையெழுத்து அழகாக இருந்தது. போன வருடமும் அதே கோயிலில் அதே வரிசையில் நின்று இரண்டு தொன்னை தின்றது நன்றாக ஞாபகம் இருந்தது. மறுநாள் காலையில் உட்கார்ந்து பிஸ்கட்டைக்கூட எண்ணி எழுதியவள், அதை எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. சாப்பிட்டேன் என்றே தோன்றவில்லை.

வெட்கமாக இருந்தது. அதைவிட ஆத்திரமாக இருந்தது. பந்தியில் அத்தனை பேரை வாயடைத்தவள் நான், என் வாய்க்குள் போனதை எனக்கே சொல்லத் தெரியவில்லை.

அங்கிருந்து தாராவிக்குப் போனேன். என் அம்மா தொண்ணூறடி ரோட்டுப் பக்கம் என் தம்பியோடு இருக்கிறாள். கணக்கெடுப்பில் அவளும் ஒரு ஆள். அவள் படிவம் ஒரு ஆடிப்பூரத்துக்கு மறுநாள் எடுத்தது. நான் போனபோது டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடிப்பூரத்தன்று கோயிலில் என்ன தந்தார்கள் என்று கேட்டேன். வளையலும், ஊறவச்ச பயத்தம்பருப்பும் என்று யோசிக்காமல் சொன்னாள். தின்றாயா என்றேன். தின்னாமல் வீசிவிட்டா வருவார்கள் என்றாள். அப்படியானால் படிவத்தில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது என்னைப் புத்தி கெட்டவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அது சாமிக்குப் படச்சதுல்லா. அதப் போயி சாப்பாட்டுக் கணக்குல எழுதுவாவளா? வெரதம் இருக்கும்போதே அத வாயில போடுதோம், வெரதம் கெடுதா? கெடல. அப்ப அது எப்பிடிட்டி சாப்பாடு ஆவும்?"

நெறிமுறை எழுதிய அறிஞர்கள் எல்லோரையும் ஒரு அறையில் உட்காரவைத்தாலும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. எங்கள் ஜனங்களின் கணக்கில் பிரசாதத்துக்கு எடையில்லை. கையில் வாங்கி வாயில் போட்டது சாப்பாடு அல்ல. உட்கார்ந்து, தட்டு வைத்து, பசிக்குச் சாப்பிட்டால்தான் சாப்பாடு. அந்தக் கணக்கு எனக்கும் ரத்தத்தில் ஊறிக் கிடந்ததால் கேள்வியிலும் ஓட்டை, பதிலிலும் ஓட்டை. வேறு ஜாதியிலோ வேறு தேசத்திலோ பிறந்த ஒருத்தி கணக்கெடுத்திருந்தால், கையில் என்ன வைத்துத் தின்கிறாய் என்று அப்போதே கேட்டிருப்பாள்.

மறுநாள் இருபது முப்பது வீடுகளுக்கு நானே போன் போட்டேன். கேள்வியை மாற்றினேன். அடுப்பில் ஏறாமல் வாய்க்குள் போனது என்னென்ன, சாமிக்குப் படைத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். வந்து கொட்டியது. திலக் நகரில் வெள்ளிக்கிழமை பஜனை, தாராவியில் திருவிளக்கு பூஜை, அம்பர்நாத்தில் ஆலையில் வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து நடத்தும் அம்மன் கொடை. எல்லாவற்றிலும் ஊறவைத்த பருப்பு. கன்னட வீடுகளில் கோசம்பரி என்று வாரத்துக்கு ஒரு நாள். அவர்களும் அதை ஊறுகாய் மாதிரி ஒரு ஓரப் பொருளாக நினைத்துச் சொல்லாமல் விட்டிருந்தார்கள். சரியாகக் கேட்டால் ஜனங்கள் பொய் சொல்வதில்லை.

சனிக்கிழமை இயக்குநரைப் பார்த்தேன். மராட்டிக்காரர், தங்கமான மனிதர், ஆனால் தேதி என்றால் நடுங்குவார். வருடத்தில் ஒரு சில நாள், ஒரு பிடி பருப்பு, அதற்காகவா என்று இந்தியில் கேட்டார். ஓர் அடிக்குறிப்புப் போட்டுவிட்டு அனுப்பலாமே என்றார். எங்கள் பிரிவுக்குத் தலைமை இடம் அப்போது காலியாக இருந்தது, என் பெயர் மேலே போயிருந்தது. அதையும் பூப்போல ஞாபகப்படுத்தினார். ஒவ்வாமைக்குச் சராசரிக் கணக்கு கிடையாது, ஒரு பிடி போதும், அதுவும் அந்தப் பிடி அதிகமாகப் போவது குழந்தைகள் வாய்க்கு என்றேன். எந்தெந்தக் கூட்டத்தார் வழக்கத்துக்கு மாறாக என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்க்கச் சொல்லும் பத்தியை நெறிமுறையில் எடுத்துக் காட்டினேன். இந்தப் புரதம் ஒவ்வாமை தரும் என்று நான் சொல்லவில்லை, தராது என்று என் பெயரில் இனிமேல் சொல்ல முடியாது என்றேன். குரல் உயர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். நாற்பத்தோராம் பக்கத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

பயமாக இல்லையா என்று பின்னால் பலர் கேட்டார்கள். அந்தக் கடிதம் எழுதப் பயமே இல்லை. தப்பு என்று தெரிந்த பிறகு என்ன பயம்? பயந்தது அடுத்த வேலைக்கு. பயற்றின் சொந்தக்காரருக்குப் போன் செய்ய வேண்டும்.

ஞாயிறு காலை செய்தேன். நடந்ததைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன். என் கணக்கெடுப்பில் ஓட்டை, அதனால் உங்கள் கோப்பு நாளை போகாது, நீங்கள் ஓய்வு பெறுவதற்கு முன்னால் போகுமா என்றும் தெரியாது, மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் மெதுவாகப் பேசினார்.

"வடைப்பருப்பா மேடம்? வருஷா வருஷம் எங்க வீட்லயும் பண்றோம். மூணு நாள் முன்னாடிகூட நான்தான் பருப்பை வடிச்சேன்."

அவருக்கும் தோன்றவில்லை. அந்தப் பயற்றை அணு அணுவாகத் தெரிந்தவர், அதைக் கையால் வடித்து, தின்று, எழுந்து போய் அடுத்த நாள் என் கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறார். நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்திருக்க வேண்டிய இடம் அது. சிரிப்பு வரவில்லை.

அவர் ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டார். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுகிறோமே, புரதம் அதோடு போய்விடாதா, எலுமிச்சம்பழமும் உப்பும் சேர்கிறதே, தாளிக்கிற எண்ணெயின் சூடு இருக்கிறதே என்று அடுக்கினார். நியாயமான கேள்விகள். சோதிக்காமலே, புரதம் போகாது என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. அவரே விதை அனுப்பினார், மாற்றிய பயறு ஒரு பை, மாற்றாத உடன்பிறப்பு ஒரு பை.

ஆய்வகத்தில் வடைப்பருப்புச் செய்தோம். அப்படி ஒரு சமையலை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. பயற்றை உடைத்துத் தோல் நீக்கி, பருப்பை எடைபோட்டு, நிமிடம் பார்த்து ஊறவைத்து, வடித்த தண்ணீரைக்கூடத் தனியாக எடுத்துவைத்தோம். தேங்காய் துருவியதற்கு ஒரு பதிவேடு. கடுகு வெடித்தபோது பருப்புக்குள் எவ்வளவு சூடு ஏறுகிறது என்று பார்க்க ஒரு வெப்பமானியைச் செருகி வைத்திருந்தோம். பெருங்காய வாசனை மூன்று மாடிக்கும் போய், கணக்குப் பிரிவிலிருந்து இரண்டு பேர் கிண்ணத்தோடு வந்துவிட்டார்கள். ஒருவரும் வாயில் வைக்கக் கூடாது என்று கதவைச் சாத்தினேன். மாற்றியதையும் மாற்றாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. இரண்டும் பார்க்க அத்தனை ருசியாக இருந்தன.

அதை அரைத்து, பெப்சின் கலந்த செயற்கை இரைப்பை நீரில் விட்டு, குறித்த நிமிடங்களில் ஒவ்வொரு துளியாக எடுத்து ஜெல்லில் ஓட்டினோம். புரதம் இருந்தால் நீலப் பட்டையாகத் தெரியும், கரைந்தால் பட்டை மறையும். வேகவைத்த பருப்பில் முதல் நிமிடத்திலேயே வெறுமை. வடைப்பருப்பில் முதல் நிமிடம், ஐந்தாம் நிமிடம், இருபதாம் நிமிடம், அறுபதாம் நிமிடம் எல்லாவற்றிலும் பட்டை அப்படியே நின்றது. ஊறவைத்த தண்ணீரோடு கொஞ்சம் போயிருந்தது, பெரும்பகுதி பருப்பில்தான் இருந்தது. தாளிப்பு மேலே பட்ட நாலு பருப்பைத் தவிர எதையும் தொடவில்லை. நம்பிக்கை வராமல் மூன்று முறை செய்தேன். என் மனதுக்குள் அந்த மனிதருக்காக ஒவ்வொரு முறையும் வேண்டிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேண்டுதல் ஜெல்லுக்குத் தெரியாது.

மே மாதக் கடைசியில், அவர் வேலைக்குப் போகிற கடைசி வாரத்தில், போன் செய்தேன். எத்தனை நிமிடம் என்று மட்டும் கேட்டார். அறுபது நிமிடமும் இருக்கிறது சார் என்றேன். இப்படியே இது நின்றுபோக வேண்டியதில்லை, ஒவ்வாமை உள்ளவர்களின் ரத்தத்தில் சோதிக்கலாம், அதில் தேறினால் மறுபடி வரலாம், உங்களுக்குப் பின்னால் வருகிறவர்கள் தொடரட்டும் என்று சொல்லிக்கொண்டே போனேன். எனக்கு மௌனம் பிடிக்காது, அதனால் பேசினேன். அவர் சரி மேடம், நல்லது மேடம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

நாலாவது நாள் அவருடைய கடிதம் வந்தது. ஓய்வு பெறுகிற தேதி போட்டிருந்தது. மேசையைக் காலி செய்வதற்கு முன் அவர் செய்த கடைசி வேலை அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதியிருந்தார். காரணம் என்ற இடத்தில், இந்தப் பருப்பைப் பச்சையாகச் சாப்பிடும் வழக்கம் விண்ணப்பதாரரின் வீட்டிலேயே உண்டு என்றும், அதைத் தெரிவிக்கத் தவறியது முழுக்கத் தன் பிழை என்றும், மதிப்பீட்டு ஆய்வகத்தின் மேல் குறை எதுவும் இல்லை என்றும் இருந்தது. நாற்பத்தோராம் பக்கத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நின்றபடியே படித்தேன். எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. பாதி வாழ்க்கையைப் போட்டு வளர்த்ததைத் தன் கையாலேயே நிறுத்திவிட்டு, போகிற போக்கில் என் தப்பையும் தூக்கிக்கொண்டு போக இவர் யார்? யார் கேட்டார்கள் இவரை? கத்த வேண்டும் போல இருந்தது. வந்தது அழுகை. கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் உதவியாளர் அந்தக் கடிதத்தைக் கோப்பில் சேர்க்க எடுத்துப் போயிருந்தார்.

இயக்குநர் கடிதத்தைப் படித்து நிம்மதியாக மூச்சு விட்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, விஷயத்தை இதோடு விட்டுவிடு என்றார். தலைமை இடத்துக்கு என் பெயர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்றும் சொன்னார். எனக்கு ஒரு வெள்ளைத்தாள் மட்டும் வேண்டும் என்றேன். அவர் எதிரிலேயே உட்கார்ந்து எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டு, அந்தக் கடிதத்துக்கு அடுத்த பக்கமாகக் கோப்பில் சேர்க்கக் கொடுத்தேன். அந்தத் தலைமை நாற்காலியில் இப்போது வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார், நன்றாகவே வேலை பார்க்கிறார். கோப்பில் என் தாளும் இருக்கிறது. விண்ணப்பதாரர் சொல்வது சரியில்லை என்று அது தொடங்கும், மிச்சம் இரண்டே வரி. அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவள் நான், என்னிடமே கேட்டபோது சொல்லாமல் விட்டவளும் நான்.